வொக்ஸ் எண்டு சொன்ன பெட்டி

எங்கட வீட்டில் ஒரு பெட்டி இருக்கு. கறுப்பு றெக்சின் ஒட்டின, ஒரு மூலையை எலி கடிச்ச மரப்பெட்டி. பெரியப்பா 1970களில் ஊர் இசைக்குழுவில் கிற்றார் வாசித்த காலத்து வால்வு அம்பிளிபயர். "இங்கிலாந்துச் சாமான், வொக்ஸ்" என்று கேட்டுத்தான் வளர்ந்தேன். 95 இடப்பெயர்வில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளிக்கிட்டபோது இதுவும் வீட்டிலேயே கிடந்தது. திரும்பி வந்து பார்க்கக் கதவு நிலைகூட இல்லையாம், பெட்டி இருந்ததாம். "பாரமெண்டு விட்டிட்டுப் போயிருப்பாங்கள்" என்பார் அம்மா.

போன வருசம் பெரியப்பாவுக்குக் காது நல்லாக் குறைந்துவிட்டது. காது மெஷின் விலையைக் கேட்டு வீடே பேசாமல் இருந்தது. அப்போதுதான் அண்ணா கொழும்பில் ஒருவரைப் பிடித்தான். பழைய இசைக்கருவிகள் வாங்கி விற்கிறவர். உண்மையான வொக்ஸ் என்றால் நல்ல விலை தருவாராம். ஆனால் பெட்டியில் பெயர்த்தகடு இல்லை, அது இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டைதான். அது வொக்ஸ்தானா என்று கண்டுபிடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. வரலாறு படிக்கிற பிள்ளைதானே, ஆதாரம் தேடட்டும்.

றேடியோ திருத்துகிற ஐயா ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் சொன்ன முதல் பாடம்: பிளக்கைக் கழற்றினாலும் கண்டென்சருக்குள் கரண்ட் நிற்கும், 250 வோல்டுக்கு மேலேயும் இருக்கலாம். ஒரு றெசிஸ்டர் வைத்து அதை இறக்கி, மீற்றரில் பார்த்த பிறகுதான் கை வைக்கவேண்டும். "மற்றக் கைய பொக்கற்றுக்குள்ள வை பிள்ளை" என்றார். இரண்டு கையாலும் தொட்டால் கரண்ட் நெஞ்சுக்குள்ளால் போகுமாம்.

உள்ளே மூன்று வால்வுகள்: ஈசிசி83, ஈஎல்84, ஈஸட்80. இந்தப் பெயர்களே ஒரு மொழி. முதல் எழுத்து ஈ என்றால் சூடாக்கும் இழைக்கு 6.3 வோல்ட். சிசி என்றால் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு ட்ரயோட். எல் என்றால் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வு. ஸட் என்றால் ஏசியை டிசியாக்குவது. எட்டில் தொடங்கும் இலக்கம், ஒன்பது ஊசிக் கால் என்பதைச் சொல்கிறது. ஈஎல்84 மலார்ட் கம்பனியுடையது. கண்ணாடியின் அடியில் மங்கலாக இரண்டு வரிக் குறியீடு. இரண்டாவது வரி பி என்ற எழுத்தில் தொடங்கியது. அது இங்கிலாந்தின் பிளாக்பேர்ன் தொழிற்சாலை. அடுத்த இலக்கம் வருடத்தின் கடைசி எண், அதற்கடுத்த எழுத்து மாதம்.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. வொக்ஸ் ஏசி4 என்ற சின்ன அம்பிளிபயரிலும் இந்த மூன்றும் உண்டு. ஐயா தலையை ஆட்டினார். "வால்வு கழட்டிப் பூட்டிற சாமான். பல்பைப் பாத்து வீட்டின்ர வயசச் சொல்லுவியோ?" அதோடு ஏசி4இல் ஈஎஃப்86 என்று இன்னொரு வால்வும் இருக்கவேண்டும். இதில் அது இல்லை. அது இருந்த அடையாளமும் இல்லை.

பிறகு செசியைத் திருப்பினோம். வால்வு பூட்டுகிற அளவில் இரண்டு வட்ட ஓட்டைகள், தகரத் துண்டு வைத்து அழகாக மூடியிருந்தன. ஒரு பக்கத்தில், ஸ்டேசன் பிடிக்கும் கண்டென்சர் இருந்த இடம் வெறுமையாக. ஐயாவுக்கு உடனே விளங்கிவிட்டது. இது ஒரு வால்வு றேடியோவின் செசி. ஸ்டேசன் பிடிக்கிற பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, ஓடியோப் பாகத்தைக் கிற்றாருக்கு ஏற்றமாதிரி யாரோ மாற்றியிருக்கிறார்கள். செசியின் உள்பக்கத்தில் பென்சிலால் றெசிஸ்டர் கணக்குகள். ஓரத்தில் தமிழில் சிறிதாக: "பூமி இங்கே."

பிளாக்பேர்னில் ஆரும் அப்படி எழுதமாட்டார்கள்.

கொழும்புக்காரருக்குச் சொன்னோம். அவர் கவலைப்படவேயில்லை. "தகடு ஒண்டு எடுத்து ஒட்டலாம் தம்பி, உள்ளுக்கு ஆர் பாக்கப்போயினம்" என்றார். அண்ணா என்னைப் பார்த்தான். நான் உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை. காது மெஷின் விலை எனக்கும் தெரியும். இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் பெரியப்பாவிடம் போனேன். அவர் மனம் உடையும் என்று பயம். கத்திக் கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது.

பெரியப்பா சிரித்தார். "எனக்குத் தெரியாதே? நான்தானே செய்விச்சனான்."

70க்கும் 77க்கும் இடையில் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலம். வெளிநாட்டு அம்பிளிபயரைக் கனவில்தான் காணலாம். ஊரில் றேடியோக் கடை வைத்திருந்த ஒருவர், பழுதான றேடியோ ஒன்றிலிருந்து மூன்று கிழமையில் செய்து கொடுத்தாராம். தகடு வேறெங்கோ எடுத்தது. "இங்கிலாந்துச் சாமான் எண்டாத்தான் கலியாண வீட்டுக்குக் கூப்பிடுவினம்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "அந்த மனிசன் முன்வரிசையில இருந்து கேக்கும். ஒருநாளும் மேடையில அவற்ற பேரச் சொல்லேல்ல."

தகடு ஒட்டுகிற கதை அதோடு முடிந்தது.

திருத்துகிற வேலை ஆறு சனிக்கிழமை எடுத்தது. காய்ந்துபோன ஃபில்டர் கண்டென்சர்களை மாற்றினோம். பழசை விட்டால் 100 ஹேர்ட்ஸில் இரைச்சல்தான். ஈசிசி83க்கும் ஈஎல்84க்கும் நடுவில் நிற்கிற கண்டென்சர் டிசியைக் கசிய விட்டது. அதை அப்படியே விட்டால் பவர் வால்வு உள்ளே சிவந்து எரிந்துவிடும். அதையும் மாற்றினோம். இரண்டு கம்பி வயரை எடுத்துவிட்டு எர்த் உள்ள மூன்று கம்பி வயர் போட்டோம். கழற்றிய சாமான்களை ஒரு பையில் போட்டு பெட்டிக்குள்ளேயே வைத்தேன். பென்சில் எழுத்தில் கை வைக்கவில்லை.

முதல் தடவை போடும்போது இடையில் ஒரு குண்டு பல்பைத் தொடராகக் கொடுத்தார் ஐயா. உள்ளே ஷோர்ட் இருந்தால் பல்ப் முழுதாக எரியும். அது ஒருக்கால் மின்னி, மெல்ல மங்கியது. வால்வுகள் செம்மஞ்சளாகின.

பெரியப்பாவின் விரல்கள் இப்போது முழுதாக மடங்காது. ஒரு கோர்ட் மட்டும் பிடித்தார். நாலைந்து வாட்தான், ஆனாலும் சின்ன அறை நிறைந்தது. அவர் காதைப் பெட்டியோடு வைத்துக்கொண்டு இன்னொருக்கால் அடித்தார்.

காது மெஷினுக்கு இப்ப எல்லாருமாய்ச் சீட்டுக் கட்டுறம். கார்த்திகையில் எங்கட முறை. றேடியோக் கடைக்காரரின் மகள் பக்கத்து ஊரில் இருக்கிறாவாம். பெட்டியை ஒருநாள் கொண்டுபோய்க் காட்டவேண்டும். அவரின் பெயரை எழுத அவவிடம் கேட்கவேண்டும். அதுவரைக்கும் அந்த இரண்டு ஆணி ஓட்டையும் அப்படியே கிடக்கட்டும்.