முதல் கோரிக்கை

2025 செப்டம்பர் முதல் வாரம், ஒருநாள் இரவு பத்தரை மணிக்குச் சித்தி போன் செய்தார். அந்த நேரத்தில் ஊரிலிருந்து போன் வந்தால் யாருக்கோ உடம்பு முடியவில்லை என்று அர்த்தம். பதறித்தான் எடுத்தேன்.

"தம்பி, இந்த டெட் பரீட்சைக்கு போன்லயே மாடல் டெஸ்ட் எழுதலாமாம்ல? அதை எப்படிப்பா இறக்குறது?"

சித்திக்கு ஐம்பத்தொரு வயது. ஆலங்குடிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் இடைநிலை ஆசிரியர். வேலைக்குச் சேர்ந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. உங்களுக்கு எதுக்கு சித்தி பரீட்சை என்று கேட்டேன்.

"நீ பேப்பரே பாக்குறதில்லையா?"

பார்த்திருந்தேன். செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருந்தது. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புவரை பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் தகுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும். ஓய்வுபெற ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் தேற வேண்டும், இல்லையென்றால் கட்டாய ஓய்வு. ஐந்து வருடத்துக்குள் ஓய்வுபெறுபவர்கள் அப்படியே இருக்கலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது. சிறுபான்மைப் பள்ளிகளின் விஷயம் மட்டும் பெரிய அமர்வுக்குப் போனது. தமிழ்நாட்டில் ஒன்றே முக்கால் லட்சம் ஆசிரியர்களை இது பாதிக்கும் என்று செய்திகள் கணக்குச் சொல்லின. அந்த எண்ணுக்குள் சித்தி இருப்பார் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அன்றைக்கு நான் சொன்ன பதிலை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. "எழுதிருங்களேன் சித்தி. நாங்கல்லாம் ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை புதுசா ஒண்ணைப் படிக்கலன்னா வேலையே இருக்காது. டீச்சருக்கு மட்டும் ஏன் பரீட்சைன்னா பயம்?"

சித்தி கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உனக்கு ஒரு கம்பெனி இல்லன்னா இன்னொரு கம்பெனி. இருபத்தாறு வருஷம் கழிச்சு என்னை வெளிய அனுப்பினா நான் எங்கப்பா போறது?" என்றார். பிறகு, "சரி, அந்த ஆப் பேரைச் சொல்லு" என்றார்.

அந்த வாரம் முழுக்கச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். என் தொழிலில் ஒரு பிழை வந்தால் அது எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம். அந்தப் பழக்கம்.

இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆசிரியருக்கான குறைந்தபட்சத் தகுதியை மத்திய அரசு அதிகாரம் தரும் ஓர் அமைப்பு முடிவுசெய்யும் என்கிறது அதன் 23ஆம் பிரிவு. அப்படி அதிகாரம் பெற்ற தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்ட் 23 அன்று அறிவிக்கை வெளியிட்டு, தகுதித் தேர்வைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே விதிப்படி வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அந்த அறிவிக்கையிலேயே விலக்கும் இருந்தது. சித்தி 1999இல் சேர்ந்தவர். ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூப்புப்படி ஆணை வந்தவர். அவரிடம் யாரும் தேர்வு கேட்கவில்லை. கேட்பதற்கு அப்படி ஒரு தேர்வே இல்லை.

2017இல் அதே 23ஆம் பிரிவில் ஒரு வாசகம் சேர்ந்தது. 2015 மார்ச் 31 அன்று பணியில் இருந்து, குறைந்தபட்சத் தகுதி இல்லாத ஒவ்வொரு ஆசிரியரும் நான்கு வருடத்துக்குள் அதைப் பெற வேண்டும். அந்தத் திருத்தம் வந்தபோது எல்லோரும் பேசியது, பயிற்சியே இல்லாமல் நாடெங்கும் வேலை பார்த்த ஆசிரியர்களைப் பற்றித்தான். இரண்டு வருடம் பயிற்சி முடித்த சித்தி, அது தன்னைப் பற்றியது என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. எட்டு வருடம் கழித்து, அது அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறது என்று நீதிமன்றம் படித்தது.

சங்கங்களின் கோரிக்கை இங்கிருந்துதான் வருகிறது. 23ஆம் பிரிவை நாடாளுமன்றம் திருத்த வேண்டும், 2010க்கு முன் சேர்ந்தவர்களுக்கு விலக்கு என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். தமிழ்நாடு அரசு சீராய்வு மனுவுக்குப் போனது. இன்னொரு பக்கம், பணியில் இருப்பவர்களுக்கென்றே சிறப்புத் தகுதித் தேர்வு நடத்தப்போவதாகவும் அறிவித்தது. எது நடந்தாலும் சரி என்று சித்தியின் பள்ளியைச் சுற்றியிருந்த டீச்சர்கள் எல்லோரும் கைடு வாங்கினார்கள்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். நல்ல மழை. சித்தி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மாதிரித் தேர்வு வைத்தோம். முதல் தாளில் 150 கேள்விகள். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல், ஒவ்வொன்றிலும் முப்பது. அப்போது பொதுப் பிரிவுக்கு 90 மதிப்பெண் வேண்டியிருந்தது, சித்திக்கு 82.

முதல் பகுதியில் ஒரு கேள்வி. வகுப்பில் பேசவே பேசாத குழந்தையை ஆசிரியர் எப்படி அணுக வேண்டும்? நான்கு விடைகள். சித்தி படித்துவிட்டுச் சிரித்தார்.

"கஜா புயலுக்கு அப்புறம் ரெண்டாம் வகுப்புல ஒரு புள்ள மூணு மாசம் வாயே தொறக்கலை. வீட்டு மேல தென்னை விழுந்துருச்சு. நானும் என்னென்னமோ பண்ணிப் பாத்தேன். கடைசியா மணி அடிக்கிற வேலைய அதுகிட்ட குடுத்தேன். ஒருநாள் நான் மறந்த மாதிரி உக்காந்திருந்தேன். 'டீச்சர், மணியாச்சு'ன்னு வந்து நின்னுச்சு. அதுதான் முதல் பேச்சு. இதுல எந்த ஆப்ஷன் அது?"

எனக்குள் இருந்த எஞ்சினியர் அங்கே தோற்றுவிட்டான். இந்த மனுஷியைப் போய்ப் பரீட்சை எழுதச் சொல்கிறார்களே என்று இருந்தது. கட்டுரையை இந்த இடத்திலேயே முடித்திருந்தால் எனக்கும் வசதி, சங்கத்துக்கும் வசதி.

ஆனால் அடுத்து கணிதம் வந்தது. ஏழில் மூன்று பெரியதா, ஒன்பதில் நான்கு பெரியதா என்று ஒரு கேள்வி. சித்தி ஏழில் மூன்றைக் குறித்தார். தவறு என்று திரையில் சிவப்பு வந்தது. நான் தாளில் போட்டுக் காட்டினேன். இரண்டுக்கும் பகுதியை 63 ஆக்கினால் 27, 28. சித்தி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து வருஷமா ஒண்ணு, ரெண்டு, மூணாம் வகுப்புதான் எனக்கு. ஆனா ஹெட்மாஸ்டர் மீட்டிங் போனா, லீவு போட்டா அஞ்சாம் வகுப்புக்கும் நான்தானே? இதை எத்தனை புள்ளைங்களுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்தேனோ."

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "எனக்கு இது தெரிஞ்சிருக்கணும் தம்பி" என்றார். அன்றைக்கு வந்த மதிப்பெண் 71.

இந்த ஒரு வாக்கியத்தைச் சங்க மேடையில் சொல்ல முடியாது. சொன்னால் மறுநாள் எதிர்த்தரப்பு வக்கீலின் கையில் அது ஆயுதமாக இருக்கும். ஆனால் இதைச் சொல்லாமல் விட்டதால்தான் மேடைக்குக் கீழே ஊர் வந்து நிற்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இதை யோசிக்க வைத்தது அம்மாவின் கதை.

அம்மாவும் ஆசிரியர்தான். 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எனக்கு ஒரு வயது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். பகலில் பள்ளிக்கூடம், இரவில் அரிக்கேன் விளக்கு வைத்துப் பெரியவர்களுக்கு வகுப்பு. ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட காலம் அது. அம்மாவும் அவர்களோடு சேர்ந்துதான் கற்றுக்கொண்டார். கல் குவாரியில் வேலைபார்த்த பெண்கள் அம்மாவுக்குப் பெடல் போடச் சொல்லிக்கொடுத்தார்கள், அம்மா அவர்களுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தார். அன்றைக்கு அம்மாவுக்கு ஏதாவது ஒன்று என்றால் ஊரே திரண்டிருக்கும்.

பன்னிரண்டு வருடம் கழித்து அந்த ஒன்று வந்தது. 2003 ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஓய்வூதியச் சலுகைகள் பறிபோனதற்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். எஸ்மா போல மாநிலத்துக்கென்று இருந்த டெஸ்மா சட்டத்தை அவசரமாகத் திருத்தி, ஏறத்தாழ 1.7 லட்சம் பேரை அரசு டிஸ்மிஸ் செய்தது. அம்மாவும் அதில் ஒருவர். நான் எட்டாம் வகுப்பு. உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குப் போய், மன்னிப்பும் இனிமேல் வேலைநிறுத்தம் செய்ய மாட்டேன் என்ற உறுதியும் எழுதிக் கொடுப்பவர்கள் திரும்பச் சேரலாம் என்று ஆனது. ஆகஸ்ட் 6 அன்று வந்த தீர்ப்பு, வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, தார்மீக உரிமையோ இல்லை என்றது.

அம்மா அந்தக் கடிதத்தை எழுதியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கோடு போட்ட தாளில், கரும்பலகையில் எழுதுவது மாதிரியே குண்டு குண்டாக. ஓர் எழுத்து சரியாக வரவில்லை என்று கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினார். மன்னிப்புக் கடிதத்திலும் பிழை இருக்கக்கூடாது அவருக்கு.

அதைவிட அதிகமாக ஞாபகம் இருப்பது டீக்கடை. பால் வாங்கப் போயிருந்தேன். "மாசாமாசம் சுளையா வாங்குறவங்களுக்கு என்னய்யா குறைச்சல்? நல்லா வேணும்" என்று ஒருவர் சொன்னார். என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார். அவருடைய மகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தது அம்மாதான். ஊர் எப்படி மாறியது என்று எனக்கு நெடுநாள் கோபம். ஊர் அங்கேயேதான் இருந்தது. சங்கத்தின் பேச்சில் ஊர் இல்லாமல் போயிருந்தது.

2019 ஜனவரியிலும் இதே கதை. ஜாக்டோ-ஜியோ 22ஆம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தம். ஒன்பது அம்சக் கோரிக்கை. பழைய ஓய்வூதியத் திட்டம் முதலில். மாணவர் குறைந்த பள்ளிகளை மூடி வேறு பள்ளிகளோடு இணைக்கக்கூடாது என்பதும் அதற்குள் இருந்தது. அது முழுக்க முழுக்க எங்கள் பக்கத்துக் கிராமங்களின் பிரச்சினை. நாலு வயசுப் பிள்ளை ரோட்டைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டுமா என்ற பிரச்சினை. ஆனால் கஜா அடித்து இரண்டே மாதம் ஆகியிருந்தது. கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. தோப்பு போனவன் காதில் ஒன்பது கோரிக்கையில் ஒன்றுதான் விழுந்தது: பென்ஷன். 30ஆம் தேதி வேலைநிறுத்தம் கைவிடப்பட்டபோது ஊரில் யாரும் அதைப் பற்றிப் பேசக்கூட இல்லை.

பென்ஷன் கேட்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆரம்பத்தில் சொன்ன வாக்கை நடுவில் மாற்றக்கூடாது என்பது நியாயமான கோரிக்கை. தகுதித் தேர்விலும் அதே நியாயம்தான் சித்தி பக்கம் இருக்கிறது. ஆனால் அது ஆசிரியருக்கும் அரசுக்கும் இடையில் உள்ள கணக்கு. பிள்ளையை அனுப்பும் அம்மா அந்தக் கணக்கில் எங்கே வருகிறார்?

இத்தனைக்கும் அதற்கான இடம் அதே சட்டத்தில் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி அறுபது பிள்ளைகள்வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் போதும். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். சித்தி பள்ளியில் முப்பத்து நாலு பிள்ளைகள். ஒருவர் கூட்டத்துக்குப் போனால் ஐந்து வகுப்புக்கு ஒருவர். மீதி நேரத்தில் எமிஸ் தளத்தில் வருகை, மதிப்பீடு, இலவசப் பொருள் கணக்கு எல்லாம் ஏற்ற வேண்டும். ("அதைச் செஞ்சவன் உங்க ஆளுதானே?" என்று சித்தி என்னைக் கேட்காத நாள் இல்லை.) ஆசிரியருக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்கும் சட்டம், அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்று கேட்கவில்லை.

நவம்பரில் புதுக்கோட்டையில் ஓர் ஆர்ப்பாட்டம். சித்தியை நான்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டேன். பந்தல், மைக், தட்டிகள். நானும் பின்னால் நின்றேன். பேசியவர்கள் எல்லோரும் சரியாகத்தான் பேசினார்கள். 23ஆம் பிரிவு, 2010 அறிவிக்கை, பின்தேதியிட்ட நிபந்தனை. தேதி ஒன்றுகூடத் தப்பவில்லை. தெருவில் போனவர்கள் வண்டியை நிறுத்தாமல் போனார்கள்.

திரும்பும்போது சித்தி எதுவும் பேசவில்லை. ஆலங்குடி தாண்டியதும், "எனக்கு ஒரு லெட்டர் டைப் அடிச்சுக் குடு" என்றார். வட்டாரக் கிளைக்கு எழுத வேண்டுமாம். அன்றிரவு அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். கோரிக்கை ஒன்று: வகுப்புக்கு ஓர் ஆசிரியர். இரண்டு: பணியில் இருப்போருக்கு வருடாவருடம் பாடப்பொருளில் முறையான பயிற்சி, அதன் முடிவில் மதிப்பீடு, குறைந்தால் மறுபடியும் பயிற்சி. மூன்று: 23ஆம் பிரிவில் திருத்தம்.

"மூணாவதை முதல்ல போடலாமே சித்தி? அதானே உங்க வேலைய காப்பாத்தப்போறது?"

"முதல் ரெண்டையும் எந்த அம்மாகிட்ட வேணாலும் நான் படிச்சுக் காட்டலாம். அவங்க கையெழுத்துப் போடுவாங்க. அவங்க போட்டா மூணாவதுக்கும் பலம் வரும்."

கிளைச் செயலாளர் நல்ல மனிதர். படித்துவிட்டு, "கருத்து நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா இப்ப தலைக்கு மேல கத்தி தொங்குது. முதல்ல கத்திய எடுப்போம், மத்ததை அப்புறம் பேசுவோம்" என்றாராம். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2003இலும் 2019இலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

சித்தி அந்தக் கடிதத்தை மடித்து கைடுக்குள் வைத்திருக்கிறார். சத்துணவு சமைக்கும் அக்காவிடமும், பிள்ளைகளைக் கூப்பிட வரும் நாலைந்து அம்மாக்களிடமும் படித்துக் காட்டியதாகச் சொன்னார். பதினோரு கையெழுத்து வந்திருக்கிறது. அதில் ஒருவர் அறிவொளியில் எழுதப் படித்த பாட்டி.

போன வாரம் மாதிரித் தேர்வில் 79.