விரலுக்கும் குரலுக்கும் நடுவில்

மேற்கு மாம்பலத்தில் ஆரிய கவுடா சாலையை ஒட்டிய ஒரு சந்தில் உள்ள எங்கள் பட்டறைக்கு வரும் நண்பர்கள், மேஜைமீது வரிசையாக நிற்கும் வாக்கிடாக்கிச் செட்டுகளை நான் ஒவ்வொன்றாகக் கேபிளில் மாட்டிக் கணினியிலிருந்து கட்டளைகளை ஏற்றுவதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, திருகினால் பேச வேண்டிய சாதனம்தானே, நாற்பது செட்டுக்கு மூன்று வாரம் எதற்கு என்று கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. பழைய வயர்லெஸ் செட்டுக்கு அலைவரிசை எண்ணைக் கொடுத்துவிட்டால் அநேகமாக வேலை முடிந்துவிடும்; காவல், தீயணைப்பு, ரயில் முதலிய பொதுப் பாதுகாப்புப் பணிகளுக்கு இப்போது வந்துள்ள டிஜிட்டல் ட்ரங்கிங் முறையில் அங்கேதான் வேலை ஆரம்பமாகிறது.

ட்ரங்க் என்ற சொல் நம் பெரியவர்களுக்குப் புதிதல்ல. தபாலாபீசில் ட்ரங்க் காலுக்குப் பதிவு செய்துவிட்டு, வெளியூர் கிடைக்கும்வரை பெஞ்சியில் உட்கார்ந்திருந்த தலைமுறைக்கு, ஊருக்கும் ஊருக்கும் இடையே உள்ள கம்பிகள் சிலவே என்பதும், அவற்றை எவருக்கும் சொந்தமாக்காமல் கேட்டவருக்குக் கேட்ட சமயத்தில் ஒதுக்கித் தருவதே எக்ஸ்சேஞ்சின் தர்மம் என்பதும் அனுபவத்திலேயே தெரியும். எத்தனை பேருக்கு எத்தனை கம்பிகள் போதும் என்பதற்குக் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியைச் சேர்ந்த எர்லாங் என்ற கணித நிபுணர் 1917-ல் வகுத்த சூத்திரம், கம்பி போய்க் காற்று வந்த பிறகும் செல்லுபடியாகிறது. அமெரிக்காவில் 1989-ல் தொடங்கிய பி-25 என்ற முறையில், ஒவ்வொரு செட்டும் சும்மா இருக்கும்போதும் கட்டுப்பாட்டுச் சேனல் ஒன்றைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது; பொத்தானை அழுத்தியதும், நொடிக்கு 9,600 பிட் வேகமுள்ள அந்தச் சேனலில் 'நான் இன்னார், இன்ன குழுவோடு பேச வேண்டும்' என்ற விண்ணப்பம் போய்ச் சேர, மத்தியக் கணினி காலியாயுள்ள அலைவரிசை ஒன்றை ஒதுக்கி, அக்குழுவின் செட்டுகள் அனைத்தையும் அங்கே திருப்பிவிடுகிறது. ஐரோப்பாவில் பிறந்து, நம் சென்னை மெட்ரோ ரயிலிலும் பயன்படும் டெட்ரா முறை, 25 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசையிலேயே காலத்தைக் கூறுபோட்டு நான்கு உரையாடல்களுக்கு இடங்கொடுக்கிறது.

செட்டின் அடையாள எண், குழு எண்கள், கோபுரங்களின் அலைவரிசைகள், சங்கேதச் சாவிகள் ஆகியவற்றைப் பிழையின்றி ஏற்றுவது சிரத்தையுள்ள எவருக்கும் கைவரும். என் அபிப்பிராயத்தில் தொழில் என்று சொல்லத்தக்கது அதற்கப்பால் உள்ளது: எந்தக் குழு குமிழின் எந்த நிலையில் நிற்க வேண்டும், சிறு திரையில் அதற்கு என்ன பெயர் தெரிய வேண்டும், எதை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று தீர்மானிப்பது. செட்டு பிரயோஜனப்படும் அந்த நிமிஷத்தில் நான் பக்கத்தில் இருக்கப் போவதில்லை. புகையிலோ மழையிலோ இருட்டிலோ நிற்கும் ஒருவரின் விரலுக்கும் குரலுக்கும் நடுவில் எனது தீர்மானம் மாத்திரமே நிற்கும்.

இதில் நான் வெகுகாலம் யோசித்த விஷயம் ஒன்று உண்டு. பொத்தானை அழுத்தியதும் சேனல் ஒதுக்கப்படச் சிறிது அவகாசம் தேவை. ஒதுக்கியானதும் செட்டு 'பீப்' என்று குரல் கொடுக்கும். அதற்குமுன் பேசத் தொடங்கினால் முதற்சொல் காற்றோடு போய்விடும். ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு இது பெரிய ஆபத்து, ஏனெனில் அந்த மொழியில் கட்டளையிடும்போது மறுப்பு வாக்கியத்தின் தலையில் நிற்கிறது. நமக்கோ அது வாலில் நிற்கிறது. 'உள்ளே வர வேண்டாம்' என்று சொல்கிறவர், பதற்றத்தில் வாய் மூடுவதற்கு முன்பே விரலை எடுத்துவிட்டால், எதிர்முனையில் உள்ளவர் காதில் 'உள்ளே வர' என்பது மட்டுமே விழுகிறது. தலை போவதற்கு 'பீப்' ஒலியைக் கட்டாயமாக்குவது பரிகாரம். அந்த ஒலி எரிச்சலூட்டுகிறது, நிறுத்திவிடுங்கள் என்று கேட்பவர்களிடம் நான் மன்றாடியாவது அதை வைத்துவிடுவேன். வால் போவதற்குச் செட்டில் எந்தக் கட்டளையும் இல்லை. ஆகவே செட்டுகளை ஒப்படைக்கும் நாளில், 'வேண்டாம், வேண்டாம், உள்ளே வர வேண்டாம்' என்று மறுப்பை முன்னும் பின்னும் வைத்துப் பேசவும், பேசி முடித்தபின் ஒரு கணம் பொறுத்து விரலை எடுக்கவும் எல்லாருக்கும் பயிற்சி கொடுக்கிறேன்.

பரிசோதனைக்கு நான் போகும் இடம் அரங்கநாதன் சுரங்கப்பாதை. பழைய அனலாக் செட்டில், பள்ளத்தில் இறங்க இறங்க இரைச்சல் ஏறி, தொடர்பு நழுவுகிறது என்று எச்சரிக்கும். டிஜிட்டலில் குரல் கடைசிவரை தெளிவாக இருந்து, சட்டென்று துண்டுதுண்டாகி, அற்றுப்போகும். ஒருநாள் நடுநிசியில் அங்கிருந்து மேலேறி வந்து, செட்டின் உச்சியிலுள்ள ஆரஞ்சு நிற அபாயப் பொத்தானை அழுத்தினேன். பதில் இல்லை. மறுபடி அழுத்தினேன், அப்போதும் இல்லை. பழைய கோப்பு ஒன்றை நகலெடுத்தபோது, அந்தப் பொத்தானின் அழைப்பைப் பகல்நேரக் குழுவுக்கே அனுப்பும்படி விட்டிருந்தேன். இரவில் அக்குழுவைக் கேட்க ஒருவரும் இல்லை. பிழை முழுக்க என்னுடையது. நாற்பது செட்டுகளிலும் அது இருந்தது. மறுநாள் விடியும்வரை உட்கார்ந்து அத்தனையையும் திருத்தினேன். அன்றுமுதல், அபாயப் பொத்தானை நள்ளிரவில் அழுத்தி மனிதக் குரல் ஒன்று பதில் சொல்லக் கேட்காமல் ஒரு செட்டையும் நான் ஒப்படைப்பதில்லை.

கோபுரமே செயலிழந்தால் என்ன செய்வது என்பதை 2015 டிசம்பர் எங்களுக்குக் கற்பித்தது. அடையாறு பெருகி, மின்சாரம் போய், கைப்பேசிகள் மௌனமான அந்த நாட்களில், பக்கத்துத் தெருவில் இருப்பவரைக்கூட அழைக்க வழியில்லாமல் இருந்தது. கோபுரத்தின் தயவில்லாமல் செட்டும் செட்டும் நேரே பேசிக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. அதைப் பலர் மெனுவின் ஆழத்தில் எங்கோ புதைத்துவிடுகிறார்கள். நான் குமிழின் கடைசி நிலையில் வைக்கிறேன். வலப்புறம் திருப்பிக்கொண்டே போனால், அதற்குமேல் திரும்பாமல் குமிழ் முட்டிக்கொள்ளும் இடம் அது. கண் வேண்டாம், வெளிச்சம் வேண்டாம். இடப்புறம் முட்டும் இடத்தில் முதன்மைக் குழு. நாற்பது செட்டிலும் இதுவே ஒழுங்கு, ஒன்றில்கூட மாறாது.

திருத்திய செட்டுகளை ஒப்படைத்த அன்று, அவற்றை வாங்கிய இடத்தில் இரவுக் காவலில் இருக்கும் முதியவர் ஒருவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். குமிழை நிதானமாகக் கடைசிவரை திருப்பி, "முட்டிக்கிச்சு சார்" என்றார். பிறகு தாமாகவே இடப்புறம் முழுதும் திருப்பி, பொத்தானை அழுத்தி, 'பீப்' வரும்வரை காத்திருந்து, "வராதீங்க, உள்ள வராதீங்க" என்றார். சொல்லி முடித்த பிறகும் அவர் கட்டைவிரல் ஒரு கணம் அந்தப் பொத்தானை விடவில்லை.