கேரித்தீவின் மரமுகங்கள்

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து கிள்ளான் வந்து, பந்திங் சாலையில் தெலுக் பங்லிமா காராங்கில் திரும்பிப் பாலம் கடந்தால் கேரித்தீவு. எங்கு நோக்கினும் செம்பனை. ரப்பர் போட்ட கேரி துரையின் பெயரே தீவுக்கு நிலைத்துவிட்டது. அதற்கு முன்பே அங்கே வாழ்ந்தவர்கள் மா மெரி பூர்வகுடியினர். 1906-இல் வெளிவந்த ஸ்கீட், பிளாக்டன் நூலில் இவர்களுக்குப் பெயர் ‘பெசிசி’.

சுங்கை பும்பூன் கம்பத்தில் ஆண்கள் மரம் செதுக்குகிறார்கள். பெண்கள் தாழை ஓலையில் பாயும் பையும் முடைகிறார்கள். அந்த முகமூடிகளைப் பொம்மையென்று எண்ண வேண்டாம். ஒவ்வொன்றும் ஒரு முன்னோரின் அல்லது ஆவியின் முகம். ஒவ்வொன்றுக்கும் கதை உண்டு. ஆண்டுக்கொரு முறை வரும் ‘ஹரி மோயாங்’ எனும் முன்னோர் நாளில் அவற்றை அணிந்து ஆடுகிறார்கள். தோட்டத்து முனியாண்டி படையலைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

செதுக்குவது ‘ஞிரே பத்து’ என்ற சதுப்புநில மரத்தில். செந்நிறம், நல்ல உறுதி. பத்து என்றாலே மலாயில் கல்தானே! சங்கடமும் அங்கேதான். அலையாத்திக் காடு சுருங்கச் சுருங்க அம்மரம் அரிதாகிறது. நம்மவர் பால் வெட்டிய நிலமும் ஒரு காலத்தில் அவர்கள் காடுதான்.

போகிறவர்கள் விலையைக் கேட்டு மலைக்காதீர்கள். செதுக்கியவர் வீட்டு வாசலிலேயே வாங்கினால் பணம் அவர் கைக்கே போகும். முகத்தின் கதையையும் கேட்டு வரலாம்.