ராத்திரிக்கு மட்டும் இன்னொரு அம்மா

பெற்ற பிள்ளையைப் பதினைந்து வயதில், "போ, இனிமே அந்த வீட்டில் போய்ப் படுத்துக்கோ" என்று அனுப்பிவைக்கிற ஊர் ஒன்று இருக்கிறதென்றால் நம்புவீர்களா? போன மார்ச் மாதம் அந்த ஊரில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தேன்.

என் கணவருக்கு ஜப்பானில் நகோயா நகரத்தில் ஓராண்டு வேலை. ஒன்பதாவது படிக்கும் மகனின் படிப்பைக் கலைக்க மனமில்லாமல் திருச்சியில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, நான் மட்டும் இரண்டு மாதம் போனேன். போனேனே தவிர, மனசெல்லாம் திருச்சியில்தான். தினமும் போன். "சாப்பிட்டியா? படிச்சியா? தலைக்கு எண்ணெய் வெச்சியா?" எல்லாவற்றுக்கும் ஒரே "ம்"தான் பதில். அதே பிள்ளை தன் பெரியப்பாவோடு மொட்டைமாடியில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுகிறானாம்! அக்கா சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

என் வாட்டத்தைப் பார்த்துவிட்டு, கணவரின் அலுவலக நண்பருடைய மனைவி, "வாங்க, ஒரு தீவுக்குப் போய் வரலாம்" என்று அழைத்தார். அவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும். எனக்கு அவர்தான் வாயும் காதும்.

நகோயாவிலிருந்து ரயிலில் தோபா என்ற துறைமுக ஊர். அங்கிருந்து அரைமணி நேரம் போலப் படகு. இறங்கினால் தோஷி தீவு. மீன்பிடிப்புதான் ஊரின் உயிர்.

அடேயப்பா, என்ன நெருக்கம்! வீட்டுக்கு வீடு கூரை இடிக்கிறது. எதிரே ஆள் வந்தால் நாம் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கார் எப்படி நுழையும்? பெண்கள் எல்லாரும் பெட்டி வைத்த சின்னத் தள்ளுவண்டி வைத்திருக்கிறார்கள். "ஜின்ஜிரோ" வண்டி என்று பெயர். மீன், காய்கறி, துணிமணி எல்லாம் அதில்தான். வாசலுக்கு வாசல் கரியால் ஒரு வட்டம், அதற்குள் ஜப்பானிய எட்டு! ஆண்டின் தொடக்கத்தில் ஊர்க் கோயிலான ஹச்சிமான் கோயிலில் திருவிழா நடக்கும். அந்தக் கரியைக் கொண்டுவந்து வாசலில் எழுதினால் கடலில் ஆபத்து வராது, மீன் நிறையக் கிடைக்கும் என்று நம்பிக்கை. நாம் வாசலில் மாவிலை கட்டுவதில்லையா, அதுபோல.

துறைமுகத்தில் 'வகாமே' என்கிற கடற்பாசியை வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். பழுப்பாக இருக்கும் பாசி வெந்நீரில் விழுந்ததும் பச்சைப்பசேலென்று மாறிவிடுகிறது. மந்திரம் போட்ட மாதிரி! அன்று ராத்திரி விடுதியில் அதை வெள்ளரிக்காயோடு காடி சேர்த்துக் கொடுத்தார்கள். பக்கத்தில் முள்ளோடு சாப்பிடும் பொடிமீன். கடற்பாசியில் அயோடின், பொடிமீனில் சுண்ணாம்புச் சத்து. (கடற்பாசி இங்கேயும் கடைகளில் கிடைக்கிறது. ஆனால் தைராய்டு கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுவதே நல்லது.)

விடுதியை நடத்தும் அம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். அவர் கடலில் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுப்பவரும்கூட. இவர்களுக்கு 'அமா' என்று பெயர். தோபா, ஷிமா கரையோரத்தில் 1949-ல் ஆறாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். 2017-ல் எழுநூறு பேர்கூட இல்லை. தலைத்துணியில் நூலால் ஒரு நட்சத்திரம் தைத்துக்கொள்கிறார்கள். அதைக் கை எடுக்காமல் ஒரே கோடாகப் போட்டால், தொடங்கின இடத்துக்கே வந்து சேரும். மூழ்கியவளும் அப்படியே மேலே வந்து சேர வேண்டும் என்று அர்த்தமாம்.

சாப்பாடு முடிந்தது. அந்த அம்மாளின் பதினாறு வயது மகன் ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். "இந்நேரத்தில் எங்கே?" என்றேன்.

"தூங்கத்தான்!" என்று சிரித்தார்.

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. இந்த ஊரில் ஒரே வயதுப் பையன்கள் சிலரை, ஊரில் மதிப்பான ஒரு தம்பதி ஏற்றுக்கொள்வார்கள். பையன்கள் ராத்திரி சாப்பாட்டைத் தங்கள் வீட்டில் முடித்துக்கொண்டு அங்கே போய்ப் படுப்பார்கள். காலையில் திரும்பிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு 'நெயாகோ' என்று பெயர். அந்தப் பெற்றோருக்கு 'நெயாஓயா'. இருபத்தைந்து, இருபத்தாறு வயதுவரை இது நடக்கும். உறவு மட்டும் சாகும்வரை. பையனுக்குக் கல்யாணமென்றால் அந்தத் தம்பதிதான் முன்னே நிற்பார்கள். கடலில் படகு கவிழ்ந்தாலும் ஊரில் தீப்பிடித்தாலும் பையன்கள் ஒரே ஓட்டமாக ஓடி வருவதற்கு இந்த ஏற்பாடு உதவியதாம். 1985-ல் தோபா நகரம் இதைத் தன் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. இப்போது பிள்ளைகள் படிப்புக்காகப் படகேறிப் போவதால், தினமும் என்பது வாரக் கடைசி என்று சுருங்கிவிட்டது. பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைந்துவிட்டது.

"பெண் பிள்ளைகளுக்கு?" என்று கேட்டேன்.

"அவங்களுக்கு இது கிடையாது" என்றார். அது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை!

மனசில் இருந்ததையும் கேட்டுவிட்டேன். "உங்க பிள்ளை உங்ககிட்ட சொல்லாததை அங்கே போய்ச் சொல்வானே, வருத்தமா இல்லையா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. தேநீரை ஊற்றிவிட்டுச் சொன்னார்: "முதல் வருஷம் இருந்தது. அப்புறம் நினைச்சுப் பார்த்தேன். நாங்களும் ஆறு பசங்களுக்கு நெயாஓயாவா இருந்தவங்கதான். அவங்க எங்கிட்ட சொன்னது எதையும் அவங்க அம்மாகிட்ட சொன்னதில்லே. அதே மாதிரி என் பிள்ளை பேச்சும் ஓர் இடத்தில் பத்திரமா இருக்கு. ஒண்ணுமே சொல்லாம உள்ளுக்குள்ளே வெச்சிருந்தாத்தான் நான் பயப்படணும்."

மறுநாள் காலை குன்றின் மேல் ஒரு பழைய சமாதிக்கு அழைத்துப் போனார். தோபா கோட்டைக்குச் சொந்தக்காரர் குகி யோஷிதகா. 1600-ல் நடந்த பெரும்போரில் அப்பா ஒரு பக்கம், மகன் எதிர்ப்பக்கம். அப்பாவின் பக்கம் தோற்றது. வென்ற பக்கத்தில் இருந்த மகன் அப்பாவுக்காக மன்றாடி மன்னிப்பு வாங்கிவிட்டான். அந்தச் சேதி வந்து சேர்வதற்குள் அப்பா இந்தத் தீவில் உயிரை விட்டுவிட்டார். அங்கே நின்று கடலைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரு சேதி தாமதமானால்...

படகு கிளம்பும்போது அந்த அம்மாள் ஒரு பொட்டலம் வகாமே கொடுத்தார். அவருடைய மகன் கரையில் மற்றப் பையன்களோடு பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான். அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரும் கூப்பிடவில்லை. ஆனால் முகத்தில் ஒரு நிம்மதி.

அன்றைக்கு அக்காவுக்குப் போன் செய்தேன். "அவன் அத்திம்பேர்கிட்ட என்னடி பேசறான்?" என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. "அத்திம்பேருக்கு என் நமஸ்காரம் சொல்லு" என்று மட்டும் சொன்னேன்.

அப்புறம் மகன் வந்தான். நான் எண்ணெயைப் பற்றிக் கேட்கவில்லை. தீவையும், தள்ளுவண்டியையும், வெந்நீரில் பச்சையாகிற பாசியையும் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவன், "ஏம்மா, அந்தப் பசங்க ராத்திரி அங்கே தூங்குவாங்களா, இல்லே பேசிட்டே இருப்பாங்களா?" என்றான்.

இரண்டு மாதத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி!