மண்ணுக்குள் இருக்கும் பாதி ஆன்டெனா

ஹாம் வானொலி என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு இரண்டு பேர் நினைவுக்கு வருவார்கள். ஒருவர், வி.யு.2.ஆர்.ஜி. என்ற அழைப்புக்குறி வைத்திருந்த ராஜீவ் காந்தி. இன்னொருவர், 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரிலிருந்து வெளியுலகுக்குச் செய்தி அனுப்பிய பாரதி பிரசாத். தந்தி இலாகாவில் மோர்ஸ் தட்டிப் பழகிய எனக்கு அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. 2013 ஜூலையில் தந்தி சேவையையே மூடிவிட்டார்கள். லால்பேட்டையில் எங்கள் வீட்டில் மட்டும் அந்தச் சத்தம் இன்னும் கேட்கிறது.

கொல்லையில் நிற்கும் அலுமினியக் குழாயைப் பார்த்து, "இது என்ன சார், இடிதாங்கியா?" என்று கேட்காதவர் குறைவு. 7 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 40 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 10 மீட்டர் உயரம் அந்தக் குழாய். ஆனால் அது பாதி ஆன்டெனாதான். மீதிப் பாதி மண்ணுக்குள் இருக்கிறது. குழாயின் அடியிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போல நாலா பக்கமும் ஓடும் 24 செம்புக் கம்பிகள். ரேடியல் என்பார்கள். மேலே ஏறும் மின்சாரம் திரும்பி வர இவைதான் வழி.

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது யாருக்கும் மறக்காது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. என் குழாயும் நடுவில் மடங்கியது. அதைச் சரிசெய்வது சுலபம். புதுக் குழாய், நான்கு நைலான் கயிறு, ஒரு நாள் வேலை. உடைந்தது கண்ணுக்குத் தெரிந்தது.

2015 மழை வேறு மாதிரி. கொல்லையில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. ஆன்டெனா மட்டும் நிமிர்ந்தே இருந்தது. சில மாதங்கள் கழித்து, கல்கத்தாவில் இருக்கும் என் பழைய சிநேகிதர், "சிக்னல் மெலிகிறது, பாதிதான் எழுத முடிகிறது" என்று அனுப்பினார். அவருக்கு வயது 80 தாண்டிவிட்டது. டெலிபோனில் பேச்சு புரியாது. ஹெட்போனில், தனக்கு ஒத்துவரும் சுருதியில் வைத்துக்கொண்டால் மோர்ஸ் மட்டும் கேட்கும். இரவு எட்டு மணிக்கு நாங்கள் பேசும் அந்த இருபது நிமிஷம்தான் அவருக்கு வெளிப்பேச்சு.

எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பார்த்தால் வேடிக்கை. முன்பு 1.4 காட்டியது இப்போது 1.2. அதாவது முன்பைவிட நல்லது! இங்கேதான் சூட்சுமம். நல்ல தரை இருந்தால் இந்த ஆன்டெனாவின் மின்தடை சுமார் 36 ஓம். கேபிளோ 50 ஓம். ரேடியல் கெட்டால் மண்ணின் தடையும் சேர்ந்துகொள்ளும். கூட்டினால் 60 ஓம் என்று வையுங்கள், 36ஐவிட அது 50க்குப் பக்கம். மீட்டர் மகிழ்ந்துபோகும். ஆனால் அனுப்பும் சக்தியில் பத்துக்கு நான்கு பங்கு மண்ணைச் சூடாக்கிவிட்டுப் போய்விடும். நல்ல காது உள்ளவருக்கு அது பெரிய நஷ்டமே இல்லை. கேட்கும் எல்லையின் விளிம்பில் இருப்பவருக்கு அந்தக் கொஞ்சம்தான் எல்லாம்.

மண்வெட்டியால் பதமாகத் தோண்டினேன். கம்பிகள் நன்றாகவே இருந்தன. அவை அடித்தகட்டில் சேரும் இடத்தில்தான் வினை. தகடு அலுமினியம், கம்பி செம்பு. ஈரத்தில் இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். இழுத்ததும் பதினேழு கம்பிகள் கையோடு வந்தன. துருப்பிடிக்காத எஃகில் புதுத் தகடு செய்து வாங்கினேன். ஒவ்வொரு கம்பி முனையையும் பளபளவென்று தேய்த்து, ஈயம் வைத்து, எஃகு போல்ட்டில் முடுக்கி, மேலே வார்னிஷ் பூசினேன். தகட்டைத் தரைமட்டத்துக்கு ஒரு சாண் மேலே, கல் வைத்து உயர்த்தினேன். வயதான முதுகுக்கு மூன்று நாள் ஆயிற்று.

மீட்டர் மறுபடி 1.4க்கு ஏறியது. அன்றிரவு எட்டு மணிக்குக் கூப்பிட்டேன். நான் அனுப்பியதை ஒரு சொல் விடாமல் திருப்பி அனுப்பினார். "பேரன் தேர்வு எழுதிவிட்டானா?" என்றும் கேட்டார். போன வாரம் அந்தச் செய்தியைச் சொன்னபோது பாதிதான் கேட்டிருந்தது போலும்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு தை மாதமும், மழை ஓய்ந்து மண் இறுகுவதற்குள், போல்ட்டுகளைக் கழற்றிப் பார்த்துவிடுகிறேன். மீட்டர் என்ன சொன்னாலும் சரி, கல்கத்தாக்காரர் என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொள்கிறேன்.