மாவுப் பையில் மலர்ந்த ஆடை

மக்கள் அணியும் உடைகளுள் சில அழகு தருவன. சில உழைப்பிற்குத் துணை நிற்பன. இவ்விரு பணிகளையும் ஒருங்கே செய்யும் எளிய உடை ஒன்று உண்டு. அடுக்களையில் பணி புரிவோர் தம் உடை அழுக்குறாதவாறு அதன்மேல் அணிந்து, இடையில் நாடாவால் முடிந்துகொள்ளும் ‘ஏப்ரன்’ என்னும் முன்னாடையே அது. அமெரிக்க உழவர் குடும்பப் பெண்கள் தம் கையால் தைத்த முன்னாடைகளின் வரலாறு, வறுமைக்குத் தலைவணங்காத கைகளின் வரலாறாகும்.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நாட்டில் கோதுமை மாவை மரப் பீப்பாய்களில் அடைத்து விற்றனர். 1846ஆம் ஆண்டில் எலியாஸ் ஹோ என்பவர் தாம் அமைத்த தையற்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். எளிதில் பிரியாத உறுதியான தையல் பொறியால் கைகூடவே, காலப்போக்கில் பீப்பாய்களின் இடத்தைப் பருத்திப் பைகள் பெற்றன. 100 இராத்தல் கொண்ட பை ஒன்றைப் பிரித்து விரித்தால், ஒரு கெஜத்திற்குச் சற்று மிகுதியான துணி கிடைக்கும். முன்னாடை ஒன்று தைக்க அது போதுமன்றோ?

1929ஆம் ஆண்டில் பெரும் பொருளாதார வீழ்ச்சி தொடங்கியது. விளைபொருள்களின் விலை சரிந்தது. உழவர் இல்லங்களில் புதுத்துணி வாங்கப் பணமில்லை. பெண்கள் மனம் தளர்ந்தாரல்லர். மாவு தீர்ந்ததும் பையின் தையலைப் பிரித்தனர். உருவிய நூலையும் வீணாக்காமல் சுற்றி வைத்துப் பின்னல் வேலைக்குப் பயன்படுத்தினர். பையின்மேல் ஆலையின் பெயர் பெரிய எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கும். அப்பெயர் ஆடையில் தெரிந்தால் இல்லாமையை ஊரறியச் செய்துவிடும். ஆதலின் சவர்க்காரமிட்டு ஊறவைத்துத் தேய்த்து, வெயிலில் உலர்த்தி, எழுத்துகளைப் போக்க முயன்றனர். பின்னர் ஓரத்தில் நெளிநாடா வைத்தனர். பூத்தையலிட்டு அழகு செய்தனர்.

இதனை ஆலை முதலாளிகள் கண்டுகொண்டனர். பூக்களும் கட்டங்களும் அச்சிட்ட துணியாலேயே பைகளைத் தைக்கலாயினர். கழுவினால் நீங்கும் மையால் பெயரை அச்சிட்டனர். அன்றி, உரித்தெடுக்கும் காகிதச் சீட்டில் அதனைப் பொறித்தனர். கோழித் தீவனம் வாங்கச் சென்ற ஆடவர், இல்லத்தரசி விரும்பிய பூக்கோலத்தைத் தேடி மூட்டைகளைப் புரட்ட நேர்ந்ததும் உண்டு. ஏழைப் பெண்ணின் அழகுணர்ச்சி பெரிய ஆலைகளின் போக்கையே மாற்றியது!

முன்னாடை ஆற்றிய தொண்டுகள் பல. கோழிக்கூட்டிலிருந்து முட்டைகளை ஏந்தி வரவும், தோட்டத்து அவரைக்காய்களைப் பறித்துச் சேர்க்கவும் அதன் மடி உதவியது. அடுப்பிலிருந்து சூடான கலத்தை இறக்கும்போது அதுவே பிடிதுணி ஆயிற்று. அழும் குழந்தையின் கண்ணீரைத் துடைத்ததும் அதுவே. உடுத்த உடையைக் காட்டிலும் சிறிய முன்னாடையைத் துவைத்தல் எளிது. துணியும் நீரும் உழைப்பும் மிச்சமாயின. முன்னாடை நைந்தபின், கிழியாத பகுதிகள் ஒட்டுப் போர்வையில் இடம்பெற்றன. எஞ்சியவை தரை துடைக்கப் பயன்பட்டன.

1950களில் மலிவான காகிதப் பைகள் பெருகவே, துணிப்பைகள் படிப்படியாக மறைந்தன. எனினும் அவற்றின் பெருமை மறையவில்லை. தீவனப் பைத் துணியால் 1959ஆம் ஆண்டில் தைக்கப்பட்ட மகளிர் உடை ஒன்று, வாஷிங்டன் நகரிலுள்ள அமெரிக்க வரலாற்றுத் தேசிய அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது. பழைய முன்னாடைகளையும் பலர் விரும்பிச் சேர்த்து வைக்கின்றனர்.

அவற்றின் மதிப்பு துணியின் விலையில் இல்லை. பயன்பட்டால் போதும் என்று நின்றுவிடாமல், கிழிசலுக்கு அருகேயும் ஒரு பூவைத் தைத்த உள்ளத்தில் அது இருக்கிறது. செல்வம் குறையலாம், செம்மையாக வாழும் விருப்பம் குறையலாகாது. பயன் முடிந்ததென்று எறியப்படும் பொருளிலும் அழகைக் காணும் கண்ணும், அதனை ஆக்கும் கையும் உடையவரே உண்மையில் செல்வர் ஆவர்.