அன்னையின் முழங்கால்

தந்தையார் மறைந்த பின்னர், ஆம்பூருக்கு அருகிலுள்ள எங்கள் சிற்றூரிலிருந்து அன்னையைப் பெங்களூருக்கு அழைத்து வந்தேன். அல்சூரில் நாங்கள் குடியிருப்பது மாடி வீடு, இருபத்திரண்டு படிகள். முதலாண்டில் அவற்றை இறங்கி ஏரிக்கரை வரை சென்று வந்தவர், மூன்றாம் ஆண்டு மார்கழியில் படியருகே வரவே அஞ்சினார். முழங்கால் வலி இரவில் உறங்கவும் விடவில்லை. ஊடுகதிர்ப் படம் எடுத்தோம். வயதிற்கேற்ற சிறு தேய்வுதான் என்றார்கள்.

அச்சொல்லை அப்படியே வீட்டிற்குக் கொண்டு வந்தேன். "படத்தில் ஒன்றும் இல்லையே, அம்மா. மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்றேன்.

"அப்படியானால் நான் பொய் சொல்கிறேனா, தம்பி?"

நான் வாய் திறக்கவில்லை. அந்த மௌனமே விடையாகிவிட்டது. அதன்பின் அன்னை வலியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார், வலிதான் நிற்கவில்லை.

சென்ற ஆண்டு பேருந்திலிருந்து இறங்குகையில் வழுக்கி விழுந்தேன். எலும்பு முறிவு உண்டோ என்று பார்க்க எனக்கும் படம் எடுத்தார்கள். முறிவு இல்லை. ஆனால் மருத்துவர் படத்தை விளக்கொளியில் பிடித்து, "மூட்டு இவ்வளவு தேய்ந்திருக்கிறதே, இதற்கு முன் வலித்ததே இல்லையா?" என்று வியந்தார். வலித்ததில்லை. அன்னையின் மூட்டைக் காட்டிலும் என் மூட்டே மிகுதியாகத் தேய்ந்திருந்தது! நாணத்தோடு அதன் காரணத்தை வினவினேன்.

மூட்டில் தேய்வது குருத்தெலும்பு. அதிலோ நரம்பே கிடையாது. வலியை உணர்பவை அதன் அடியிலுள்ள எலும்பிலும் மூட்டைச் சூழ்ந்த சவ்விலும் இருக்கும் நரம்புகள். மூட்டு அழன்றிருக்கும்பொழுது அங்கே ஊறும் பொருள்கள் அந்நரம்புகளைக் கூர்மையாக்குகின்றன. முன்பு வலிக்காத அடியெடுப்பும் அப்போது வலிக்கும். செய்தி நாள்தோறும் சென்று தட்டத் தட்டத் தண்டுவடமும் மாறி, மெல்லிய குரலைப் பேரொலியாக்கும் ஒலிபெருக்கி போல் ஆகிவிடுகிறது. தண்டுவடம் இவ்வாறு மிகையுணர்வு கொள்வதைக் கிளிஃபர்டு உல்ஃப் என்னும் அறிஞர் 1983 இல் ஆய்ந்து காட்டினார். மூளையிலிருந்து வலியை அடக்கும் ஆணைகளும் கீழே இறங்குகின்றன. உறக்கமின்மையும் அச்சமும் துயரமும் அவ்வடக்கும் ஆற்றலைக் குன்றச் செய்யும்.

இதைக் கேட்டபொழுது என் நெஞ்சு சுருங்கியது. கணவரை இழந்து, கன்னடம் அறியாத ஊரில், பேச்சுத்துணையின்றி, இரவெல்லாம் விழித்திருந்தவர் அல்லவா என் அன்னை? இவற்றுள் எந்தப் படத்தில் எது தெரியும்?

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன், கையை இழந்தும் அக்கை வலிப்பதாகக் கூறியவர்களிடம் கண்ணாடி ஒன்றை வைத்துச் செய்த சோதனைகள் உலகறிந்தவை. இல்லாத கை வலிக்கும் என்பதை ஏற்கும் நாம், இருக்கும் காலின் வலியை ஐயுறுகிறோம்! வலி என்பது அவரவர் உணர்வு, வலிக்கிறது என்று ஒருவர் கூறினால் அதை மதிக்க வேண்டும் என்று உலக வலி ஆய்வுக் கழகம் 2020 இல் தன் விளக்கத்திலேயே எழுதிவைத்துள்ளது. அன்னையை அழைத்து வந்த நாளிலேயே நான் அதை அறிந்திருக்கலாகாதா?

மூட்டில் தேய்வே இல்லை என்பது இதன் பொருளன்று. தொடைத் தசை வலுப்பெறப் பயிற்சியும், சிறிது சிறிதாகக் கூட்டும் நடையும், நல்லுறக்கமும் வேண்டும் என்றார் மருத்துவர். சிறிது வலித்தால் மூட்டு உடைந்துவிடும் என்று அஞ்சவேண்டாம் என்பதையும் அழுத்திச் சொன்னார். இப்பொழுது மாலைதோறும் கைப்பிடியைப் பற்றியவாறு அன்னை இறங்குகிறார். சில நாட்களில் பாதிப் படி. சில நாட்களில் ஏரிக்கரையின் முதல் இருக்கை வரை. அங்கே அவருக்குத் தருமபுரி அம்மையார் ஒருவர் பேச்சுத்துணையாகக் கிடைத்திருக்கிறார். அவர்கள் பேச்சு முடியும்வரை நான் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

மருத்துவர் கூறியவற்றை அன்னையிடம் சொன்ன இரவு அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் பொய் சொல்லவில்லை என்று அவர் சொன்னாரா?" என்று கேட்டார். சொன்னார் என்றேன். மறுபடியும் சொல்லச் சொன்னார். சொன்னேன். அடுப்பங்கரையில் இருந்த மருமகளையும் கூப்பிட்டு, அவள் முன்னிலையில் இன்னொரு முறை சொல்ல வைத்தார்.